படிக்கட்டுப் பிளவுக்கு எந்தப் பசை?

கோவில் வாசற்படியிலோ வீட்டுப் படிக்கட்டிலோ ஒரு பிளவு தெரிந்தால் நம் ஆட்கள் சொல்லும் முதல் தீர்ப்பு ஒன்றுதான்: "கொஞ்சம் சிமெந்து குழைச்சி அப்பிடு தம்பி, சரியாப் போயிடும்." அப்பி விடுகிறோம். ரெண்டு மூணு மாசம் நல்லாத்தான் இருக்கும். பிறகு பூசின சிமெந்தை ஒட்டியே மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். மழைத் தண்ணி அதன் வழியாக உள்ளே இறங்கும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வீங்கும். கடைசியில் படியின் விளிம்பே துண்டாகப் பெயர்ந்து விழும். தலையில் பால்குடத்தோடு ஏறும் அம்மாவால் குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. விளிம்பு போன படி யாருக்கு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிமெந்து ஏன் நிற்கவில்லை? படி அசைகிறது, சிமெந்து அசையவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கான்கிரீட் அசையுமா என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால், ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் நீளும். நம் கோலாலம்பூர் வெயிலில் மதியம் படியின் மேற்பரப்பு 55 டிகிரியைத் தொடலாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மூணு மணிக்கு இடியோடு மழை கொட்டினால் அதே படி 25 டிகிரிக்கு இறங்கிவிடும். வித்தியாசம் 30 டிகிரி. படிக்கட்டு 3 மீட்டர் அகலம் என்றால் 0.01 × 30 × 3 = 0.9 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், ஒரே நாளில் போய் வருகிறது. உள்ளே ஆழத்தில் இவ்வளவு சூடு ஏறாது என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் கணக்கை மோசமான நாளுக்குத்தான் போட வேண்டும்.

இப்போது கடையில் விற்கும் பசைக்கு வருவோம். ஹார்ட்வேர் கடையில் சீலண்ட் என்று கேட்டால் துப்பாக்கியில் பொருத்தும் டியூப் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டு வந்துடாதீங்க. டியூபின் பின்பக்கத்திலோ அந்த நிறுவனத்தின் தகவல் தாளிலோ 12.5 சதவீதம், 25 சதவீதம் என்று ஓர் எண் இருக்கும். இடைவெளியின் அகலத்தில் எத்தனை சதவீதம் வரை அந்தப் பசை இழுபட்டும் நசுங்கியும் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. நமக்கு வேண்டிய எண் அதுதான்.

நம்முடைய 0.9 மில்லிமீட்டர் அசைவை அதோடு வைத்துப் பாருங்கள். பிளவு 5 மில்லிமீட்டர் அகலம் என்றால் அசைவு 18 சதவீதம். 12.5 சதவீதப் பசை கிழியும், 25 சதவீதப் பசை தாங்கும். பிளவு 3 மில்லிமீட்டர்தான் என்றால் அசைவு 30 சதவீதம் ஆகிவிடுகிறது. 25 சதவீதப் பசையும் கிழியும். அதே பிளவு 10 மில்லிமீட்டர் என்றால்? வெறும் 9 சதவீதம். சாதாரணப் பசைகூட அசைவைத் தாங்கிவிடும்.

கவனித்தீர்களா? பிளவு சிறிசாக இருந்தால் நல்லது என்று நாம் நினைக்கிறோம். பசைக்கு அது நேர்மாறு. அதனால்தான் விஷயம் தெரிந்த வேலைக்காரர்கள், படியும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய பிளவை முதலில் கிரைண்டர் வைத்து அகலப்படுத்துகிறார்கள். "அடைக்கச் சொன்னா பெரிசாக்குறாங்களே" என்று கோவில் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். பொறுமையாக இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் மட்டும், கம்பியைத் தொடாத ஆழத்துக்குத்தான் வெட்டலாம். படியின் நடுவில் ஓடும் விரிசலில் கிரைண்டர் வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்தும் மறு பக்கம் உயர்ந்தும் இருந்தால் கீழே மண் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதைப் பசை போட்டு மறைப்பது தவறு. பொறியாளர் வந்து பார்க்க வேண்டிய சங்கதி அது.

எந்தப் பசை? கடையில் பெரும்பாலும் நாலு வகை இருக்கும். அக்ரிலிக் மலிவு, தண்ணீரில் கை கழுவலாம், மேலே பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் காயும்போது சுருங்கும், அசைவை அதிகம் தாங்காது, தண்ணீர் தேங்கும் இடத்துக்கு ஆகாது. வீட்டுக்குள்ளே படிக்கட்டின் ஓரப் பலகையும் சுவரும் சேரும் இடத்துக்கு இது போதும். சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு கான்கிரீட், மிதிபலகை மட்டும் மரம். சுவரோரத்தில் அக்ரிலிக்தான் போட்டிருக்கிறோம், நன்றாகவே இருக்கிறது. மிதிபலகை கிறீச்சிடுவதற்கு மட்டும் பசை மருந்தில்லை. அதற்கு ஸ்குரூ முடுக்க வேண்டும்.

சிலிகான் நன்றாக இழுபடும், வெயிலையும் மழையையும் வருடக்கணக்கில் தாங்கும். பலருக்கும் இதுதான் முதல் தேர்வு. படிக்கட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மிதி பட்டால் ஓரம் கிழிந்து உரிந்து வரும், மேலே பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது. இன்னொன்று, டியூபைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அது காயும்போது அசெட்டிக் அமிலம் விடும் ரகம். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட், சிமெந்திலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. இவை எல்லாம் அமிலத்துக்கு ஆகாது. லேசான அமிலத்தன்மை உள்ள மழை நீர் பல லட்சம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்ததில்தான் பத்துமலைக் குகைகளே உண்டாயின. பளிங்குப் படியில் அந்த வாசனை அடிக்கும் டியூபை வைக்காதீங்க, கறை விழும். இரும்புக் கைப்பிடியின் அடியில் வைத்தால் துருவும் சேர்ந்து வரும்.

வெளிப் படிக்கட்டுக்கு மிஞ்சுவது பாலியுரேத்தேன், எம்எஸ் பாலிமர் என்ற இரண்டும்தான். விலை கூடுதல். ஆனால் மிதியைத் தாங்கும், கான்கிரீட்டை விடாமல் பிடிக்கும், பெயிண்டும் ஏற்கும். நல்ல ரகங்கள் 25 சதவீதம் அசைவு தாங்கும்.

பெயிண்ட் விஷயம் கோவில்களுக்கு முக்கியம். பத்துமலையில் 1920இல் முதலில் மரப்படிகள்தான் போட்டார்கள். பிறகு வந்தவைதான் இன்றைய 272 கான்கிரீட் படிகள். அவற்றுக்கு 2018 ஆகஸ்ட்டில், கும்பாபிஷேகத்தை ஒட்டி, வண்ணம் தீட்டினார்கள். அந்தப் படங்கள் உலகமெல்லாம் சுற்றின. நம்ம தாமான் கோவில் நிர்வாகத்துக்கும் என்றாவது அந்த ஆசை வரும். அன்றைக்கு ஒவ்வொரு படி ஓரத்திலும் சிலிகான் இருந்தால் முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகே தூரிகையைத் தொட முடியும்.

இந்தப் பசை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். "அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்" என்று அழைப்பிதழில் பார்த்திருப்பீர்கள். மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தை அடைக்கும் எட்டுப் பொருள் கலவைதான் அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து இளகும்வரை இடிப்பார்கள். பொறியியல் மாணவன் கண்ணோடு பட்டியலைப் பாருங்கள். அரக்கும் குங்கிலியமும் ஒட்டும் பொருள். சுக்கான் தூளும் காவிக்கல்லும் நிரப்பும் பொருள். பஞ்சு, பிடித்து வைக்கும் நார். மெழுகும் வெண்ணெயும் இறுகிப் போகாமல் இளக்கம் தருபவை. இன்றைய டியூபிலும் இதே வேலைப் பங்கீடுதான்: ஒட்டும் பாலிமர், நிரப்ப அரைத்த சுண்ணாம்புக்கல், இளக்கத்துக்கு ஓர் எண்ணெய்ப் பொருள். அஷ்டபந்தனமும் காலப்போக்கில் இறுகிவிடும். 12 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் அதற்கும் பொருந்துகிறது. நம் படிக்கட்டுப் பசையும் நிரந்தரமில்லை. வருடம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்து, ஓரம் விட்டிருந்தால் மாற்ற வேண்டும்.

போடும் முறையில் பலரும் விடுகிற ஒன்று இருக்கிறது. பசை இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. அடியிலும் ஒட்டினால் ரப்பர் பேண்டின் நடுவைப் பிடித்துக்கொண்டு இழுப்பது போல ஆகிவிடும், கிழியும். அதற்காகவே பேக்கர் ராட் என்கிற நுரைக் கயிறு விற்கிறார்கள். இடைவெளியைவிடக் கால் பங்கு தடிமனான கயிறு வாங்கி அழுத்தி உள்ளே தள்ளுங்கள், அதன் மேல் பசை. பசையின் ஆழம் அகலத்தில் ஏறத்தாழ பாதி, ஆனால் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல். 10 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் ஆழம் என்றால் மீட்டருக்கு 60 மில்லி வேண்டும். 300 மில்லி டியூப் 5 மீட்டர் வரும். 2 மீட்டர் அகலத்தில் ஒன்பது படி என்றால் நாலு டியூப். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போனால் கோத்தோங் ரோயோங் அன்று பாதி வேலையில் கடைக்கு ஓட வேண்டாம்.

பழைய சிமெந்து, பாசி, தூசி எல்லாம் போக வேண்டும். கான்கிரீட் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பாலியுரேத்தேன் போட்டால் உள்ளே குமிழி விடும். காய்வதற்குக் காற்றிலுள்ள ஈரப்பதமே போதும், நம் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. மழை இல்லாத நாள் பார்த்து, காலையில், படி சூடேறுவதற்கு முன் போட்டு, மாஸ்கிங் டேப்பை உடனே உரித்துவிடுங்கள். மதிய மழைக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். பசை மேலிருந்து உள்ளாக நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் காயும். ஆகவே 6 மில்லிமீட்டருக்கு மூன்று நாள். வெள்ளிக்கிழமை பூஜை உள்ள கோவில் என்றால் சனிக்கிழமை காலை ஆரம்பித்து, செவ்வாய் வரை பக்க வாசலைத் திறந்து வையுங்கள். பெயிண்ட் அடுத்த வாரம்.