சார்ஜ் லைட்டைக் கழற்றும் முன்: முழுமையான வழிகாட்டி

விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் களத்துக்குக் காவல் போகிறவர்களுக்குச் சார்ஜ் லைட் இல்லாமல் முடியாது. பின்புறம் உள்ள இரண்டு பின்னை நேரே பிளக்கில் சொருகும் மலிவு ரகத்தில் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ‘4 வோல்ட் பேட்டரிதானே’ என்று சார்ஜ் ஏறும்போதே மூடியைத் திறப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. என்ன ரகம் என்று பாருங்கள்

பிளக்கிலிருந்து உருவிவிட்டுத் திறந்தால் ஒரு சதுரக் கெப்பாசிட்டர், அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர், நான்கு டையோடு. சப்ளையே அவ்வளவுதான். கெப்பாசிட்டரில் 105 என்றிருந்தால் 1 மைக்ரோஃபாரட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 70 மில்லிஆம்பியர் விடும். கொசு பேட்டிலும் இதே வேலைதான். செல்போன் சார்ஜரில் உள்ள குட்டி டிரான்ஸ்பார்மர் வீட்டுக் கரண்ட்டைப் பிரித்து வைக்கிறது. இதில் அந்தப் பிரிவினை இல்லை.

2. மீட்டர் காட்டும் 4 வோல்ட்டை நம்பாதீர்கள்

அது பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மட்டுமே. கெப்பாசிட்டர் பக்கம் பேஸ் வந்தால் பேட்டரி நியூட்ரலை ஒட்டி நிற்கும். தொட்டாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் அதே பேட்டரி முனைக்கும் தரைக்கும் நடுவே முழு 230 வோல்ட். கெப்பாசிட்டரின் தடைகூட இடையில் இருக்காது. ‘நேற்றுத் தொட்டேனே’ என்பதெல்லாம் இங்கே செல்லாது. பேட்டரி செத்து இணைப்பு விட்டிருந்தால் அந்த 4 வோல்ட்டும் நிற்காது. உச்சம் 300-ஐத் தாண்டும். ரிப்பேருக்கு வருவதே செத்த பேட்டரிதான்.

3. கழற்றும்போது

சுவிட்சை அணைத்தால் போதாது, உருவுங்கள். சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருக்கும் வீடுகள் உண்டு. கெப்பாசிட்டரை டிசி வோல்ட்டில் அளந்து பாருங்கள். இறங்காவிட்டால் 10 கிலோஓம் ரெசிஸ்டரை இன்சுலேஷன் கட்டிங் பிளேயரில் பிடித்து இரு காலுக்கும் குறுக்கே வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வெறும் வீராப்பு.

4. கரண்ட்டோடு சோதிக்க வேண்டுமானால்

புதிதாகப் பழகுபவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. கடைகளில் தொங்கும் சீரிஸ் பல்பு ஃபியூஸைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. கோடையில் கரிசல் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகுமே என்று குழியில் உப்பும் கரியும் போட்டு நனைப்பார்கள். வீட்டுக்கு நல்லது, இரண்டு பின் பிளக்குக்கு எர்த்தே இல்லை. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவைக் கண்டு கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள பிளக்கில் மட்டும் சொருகுங்கள். மீட்டர் கிளிப்பை முதலில் மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருந்தாலும் இரண்டு முனையை ஒன்றாகத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதை ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது.

5. மூடும் முன்

கெப்பாசிட்டரை மாற்றினால் எக்ஸ்2, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதையே போடுங்கள். அதற்கு இணையாக இருந்த பழைய ரெசிஸ்டரையும் மறக்காமல் வைத்துப் பற்றவையுங்கள்.