சலிப்படைந்த ஆசிரியருக்கு ஒரு மறுமொழி

ஆசிரிய அன்பர்களே, பத்தாவது ஆண்டாக அதே பின்னக் கணக்கை அதே கரும்பலகையில் எழுதும்போது கை தளர்கின்றதா? இத்தளர்ச்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 400ஆம் ஆண்டளவில், கார்த்தேஜ் நகரில் புதியவர்களுக்கு மறைபோதித்து வந்த தேயோகிராசியாஸ் என்னும் தியாக்கோன், தம் போதனை தமக்கே சலிப்பூட்டுகின்றதென ஹிப்போ ஆயரான புனித அகுஸ்தீனாரிடம் முறையிட்டார். ஆயர் ஒரு நூலையே எழுதி மறுமொழி அனுப்பினார்.

தமது பேச்சும் தமக்குப் பெரும்பாலும் திருப்தி தருவதில்லை என்கிறார் அவர். (சொற்கலை கற்பித்துப் பிழைத்தவர் சொல்வது இது!) ஆயினும் நமக்குச் சப்பென்று தோன்றுவது கேட்பவருக்கும் அப்படியே தோன்றுமென்று எண்ணவேண்டாம் என்கிறார்.

தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் சலிப்புக்கு அவர் காட்டும் மருந்து அருமையானது. நாம் நாளும் கவனியாது கடந்துபோகும் அழகிய இடங்களை, முன்பு கண்டிராத நண்பருக்குக் காட்டும்போது, அவருடைய மகிழ்ச்சியால் அவை நமக்கும் புதியனவாகின்றன அல்லவா? அன்பு நெருங்க நெருங்க அப்புதுமையும் கூடும்.

நாளை வகுப்பில் ஒரு கணம் திரும்பி, அரையும் காலும் முக்கால் என்று கண்டுகொண்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அப்பிள்ளைக்கு இது பத்தாவது ஆண்டன்று.

சம்பளக் குறைவும் படிவம் நிரப்பும் தொல்லையும் இதனால் தீருமென்று நாம் சொல்லவில்லை. அவற்றைத் தீர்க்கவேண்டியோர் வேறு. உடற்களைப்பையும் அகுஸ்தீனார் மறக்கவில்லை. கேட்பவர் கொட்டாவி விட்டால் மகிழ்வூட்டும் ஏதேனும் சொல்லுங்கள், நின்று களைத்தவரை அமரச் செய்யுங்கள் என்கிறார். கால் கடுக்க நிற்கும் ஆசிரியரும் இடையிடையே கதிரையில் அமர்ந்தால் குற்றமில்லை.