பழைய ஜாஸ் கிதாரின் பிக்கப் ஊமையானால்

1949-இல் வந்த கிப்சன் இஎஸ்-175 ஆர்ச்டாப் கிதாரின் ஆரம்பகால பிக்கப், பி-90. அது ஒலிக்காவிட்டால் உடனே அதன் கம்பிச்சுருளான காயிலைப் புதிதாகச் சுற்றக் கொடுக்காதீர்கள். பழைய காயிலின் குரல் அப்படியே திரும்பக் கிடைப்பது அரிது. முதலில் பிக்கப்பின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள். ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ ஓம் காட்டினால் காயில் நலம். கோளாறு வால்யூம் கன்ட்ரோலிலோ ஜாக்கிலோ இருக்கலாம். அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. வெளி ஒயரோடு சேரும் பற்றவைப்பில் அறுந்திருந்தால் சரிசெய்துவிடலாம். ஆனால் காயில் கம்பி தலைமுடி அளவே தடிமன் கொண்டது. பழகிய கை தேவை.

தந்தி மாற்றும்போது வெண்கலத் தந்திகள் வேண்டாம். காந்த பிக்கப்புக்கு நிக்கல் தந்திகளே சரி.

பிக்கப் இல்லாத பழைய ஆர்ச்டாப்பா? செதுக்கிய மேல்பலகையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். பலகையைத் தொடாமல் பொருத்தும் மிதவை பிக்கப் போதும்.