கோலம் போடும் கைக்கு அறிவியல் வராதா?

கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் மூன்றாம் படிவம் முடிக்கும் பெண் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: நான்காம் படிவத்தில் அறிவியல் பாடத்தொகுப்பா, வேறு தொகுப்பா? அங்கே மதிப்பெண்ணைவிட வலுவாகப் பேசுபவை, நெடுநாளாகப் புழங்கிவரும் சில நம்பிக்கைகள்தாம். தேயிலைத் தோட்டங்களையும் பூத்தோட்டங்களையும் ஒட்டி வளரும் நம் பெண் பிள்ளைகளுக்கு அவை செய்யும் கெடுதல் பெரிது.

நம்பிக்கை: “பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கும் சயின்சும் ஏறாது.”

உண்மை: 2018ஆம் ஆண்டின் பீசா என்னும் அனைத்துலகத் தேர்வில் மலேசிய மாணவிகள் கணிதம், அறிவியல் இரண்டிலும் மாணவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே புள்ளிகள் பெற்றார்கள். இன்னொரு சான்றும் உண்டு. கணினித் துறை ஆண்களுடையது என்று மேலைநாடுகள் நினைத்துக்கொண்டிருந்த 2000களின் தொடக்கத்தில், மலாயா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். இது எப்படி என்று ஆராய, விவியன் லாகெசென் என்ற ஆய்வாளர் நார்வேயிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தார். ஏறாது என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ, இந்த நாட்டின் தேர்வுத் தாள்களிலிருந்து வரவில்லை.

நம்பிக்கை: “கோலம் போடுறதும் பூக்கட்டுறதும் வீட்டு வேலை. அதுக்கும் அறிவியலுக்கும் என்ன சம்பந்தம்?”

உண்மை: சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோரும் கமலா கிரித்திவாசனும் கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வு செய்தார்கள். படங்களை விதிகளால் உருவாக்கும் இலக்கணங்களைக் கோலத்தைக் கொண்டு விளக்கிய அவர்களின் கட்டுரை 1974-இல் ஓர் அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது. மூவரில் இருவர் பெண்கள் என்பதை நம் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கோலத்தில் இருக்கும் கணக்கை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகவே ஓட வேண்டும். பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு முறையும் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். கையெடுக்காமல் ஒரே கோட்டில் சிக்குக் கோலம் முடிந்துவிடும். இப்போது மூன்றுக்கு மூன்று போட்டுப் பாருங்கள். ஒரே கோட்டில் முடியாது. மூன்று தனித்தனிக் கோடுகள் தேவைப்படும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. இரு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஐந்தாறு கோலத்துக்குள் இந்த விதியைத் தானே கண்டுபிடித்துவிட முடியும். ஆசிரியர் செய்ய வேண்டியதெல்லாம் விடையை முந்திக்கொண்டு சொல்லாமலிருப்பதே.

இதே விதி ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துக் கோடிழுத்துச் சோனா என்னும் படங்களை வரைவார்கள். கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பாவுலஸ் கெர்டஸ் அவற்றின் கணிதத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ரான் எக்லாஷ், கறுப்பினப் பெண்கள் தலையை ஒட்டிப் பின்னும் வரிசைப் பின்னலை எடுத்துக்கொண்டார். பின்னலின் ஒவ்வொரு முடிச்சும் முந்தியதன் நகல்: கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் சிறுத்து வரும். அதைக் கணினித் திரையில் தாங்களே வடிவமைக்கும் மாணவர்கள் வடிவியலின் உருமாற்றங்களைப் படிக்கிறார்கள். தன் பாட்டியின் கையில் இருந்ததே கணிதம் என்று அறியும் கறுப்பினச் சிறுமிக்கும் கம்போங் ராஜாச் சிறுமிக்கும் கிடைப்பது ஒரே துணிவு என்று நான் நம்புகிறேன்.

நம்பிக்கை: “அப்படியானால் அறிவியல் வகுப்பில் ஒரு கோலம் போட்டுவிட்டால் போதும்.”

உண்மை: போதாது. நல்லெண்ணம் உள்ளவர்கள் செய்யும் பிழை இது. அறிவியல் கண்காட்சி அட்டையைச் சுற்றிக் கோலக் கரை தீட்டினால் அது அலங்காரம். “ஐந்துக்கு ஏழு போட்டால் எத்தனை கோடு வரும்?” என்று முன்கூட்டியே சொல்லவைத்து, பிறகு போட்டுப் பார்ப்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

நம் பண்பாடு என்றால் பொங்கலும் நவராத்திரியும் மட்டுமல்ல. இந்த மலையில் நாம் வாழும் வாழ்வும்தான். கோவில் மாலைக்குச் சாமந்தி தொடுக்கும் பெண், இங்குள்ள சாமந்தித் தோட்டங்களில் இரவில் விளக்கு எரிவதைப் பார்த்தே வளர்கிறாள். நீண்ட இரவு கிடைத்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். இரவை வெளிச்சத்தால் உடைத்தால் தண்டு மட்டும் நீளும். தண்டு போதிய அளவு வளர்ந்ததும் விளக்கை அணைப்பார்கள். இரண்டு தொட்டியும் ஒரு மின்விளக்கும் இருந்தால் அவளே இதைச் செய்து பார்க்கலாம்.

நம்பிக்கை: “தமிழில் படித்தால் அறிவியல் வராது.”

உண்மை: 2003-இல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2009-இல் அரசே அத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆங்கிலம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் முதல் கேள்வியைப் பிள்ளை எந்த மொழியில் நினைக்கிறாளோ அந்த மொழியில் கேட்க விட வேண்டும்.

நம்பிக்கை: “ஆய்வுக்கூடம் இல்லாமல் என்ன சோதனை செய்ய?”

உண்மை: நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்கிறது பாடநூல். கடல்மட்டத்துக்கு அது சரி. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைவதால், நம் மலையில் 95, 96-ஐ ஒட்டியே தண்ணீர் கொதித்துவிடும். பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று அம்மா கேட்டால் மகளிடம் விடை இருக்கும்.

தேயிலைக் கொழுந்து இரண்டு கைப்பிடி போதும். ஒன்றை இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். இன்னொன்றை அப்படியே விடுங்கள். இரண்டையும் உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி வையுங்கள். ஆவி காட்டாதது சில மணி நேரத்தில் செம்புநிறமாகும். இலையில் இருக்கும் நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஆவி பட்டது பச்சையாகவே இருக்கும், சூட்டில் நொதி செயலிழந்துவிடுவதால். கறுப்புத் தேயிலைக்கும் பச்சைத் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆவி ஒரு நிமிடம் போதுமா, அரை நிமிடம் போதுமா? குளிர்ந்த காலையில் நிறம் மாற எவ்வளவு நேரம், வெயிலேறிய மதியத்தில் எவ்வளவு நேரம்?

இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆனால் எந்தக் கொழுந்து இளசு, எது முற்றியது என்று தொட்டே சொல்லும் பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவர்களை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைக்கட்டும். பாட்டி இலையைத் தேர்ந்து கொடுக்க, மாணவிகள் நேரம் பார்த்து நிறமாற்றத்தை எழுதட்டும். அந்த ஏட்டை, நான்காம் படிவப் பாடத்தொகுப்பு பற்றிப் பேசும் நாளில் அப்பா அம்மா முன்னால் விரித்து வைக்கட்டும்.