தீர்ப்பின் நகல்

தில்லி ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். வீட்டு வேலை செய்கிறார். விவாகரத்து பெற்றவர். மறுமணம் பேச வந்தவர்கள், "தீர்ப்பு நகல் எங்கே?" என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வழி சொன்னார்.

"வழக்கு நடந்த குடும்ப நீதிமன்றத்துக்குப் போ. நகல் பிரிவில் மனு கொடு."

"மனுவில் என்ன எழுத வேண்டும் அக்கா?"

"வழக்கு எண், இருவர் பெயர், தீர்ப்பு நாள்."

"வழக்கு எண் தெரியாதே!"

"பழைய சம்மனைப் பார். வக்கீலைக் கேள்."

இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவின்படி கணவன், மனைவி இருவருக்கும் தீர்ப்பாணையின் நகல் இலவசம். பிறகு கேட்கும் நகல்களுக்குக் கட்டணம் உண்டு. பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

மனுவில் அவர் கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். நீதிமன்ற முத்திரையோடு நகல் கிடைத்தது.