இடுப்பு எங்கே மடங்குகிறது?

தம்பி, தங்கைகளே, இதைப் படிக்கும்போதே ஒரு சின்னச் சோதனை. எழுந்து நில்லுங்க. கீழே கிடக்கும் பேனாவை எடுக்கக் குனியும்போது உடம்பு எந்த இடத்தில் மடங்கணும்? அங்கே கையை வையுங்க.

நிறைய பேர் பெல்ட் கட்டும் இடத்தைத்தான் தொடுவாங்க. அங்கே இருப்பது முதுகெலும்பின் கீழ்ப்பகுதி. அதுவும் வளையும்தான். ஆனால் பெரிய மூட்டு இன்னும் கீழே, தொடையும் உடலும் சேரும் மடிப்புக்குள் இருக்கு. உட்கார்ந்தபடி காலைத் தூக்கினால் மடிப்பு விழும் இடம் அது. அந்த மூட்டையும் முழங்காலையும் சும்மா விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் முதுகையே வளைத்தால் சுமை முழுக்க அங்கேதான் போகும்.

இது தெரிந்தும் நாம் ஏன் மாறுவதில்லை? பழக்கம்! இதை ஆழமாகப் பார்த்தவர் எஃப்.எம். அலெக்சாண்டர். 1869-இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதை, நாடக வசனம் சொல்பவர். மேடை ஏறினால் தொண்டை கட்டிவிடும். மருந்து நிரந்தரமாகக் கைகொடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாய் திறக்கும் முன்பே தலை பின்னால் இழுபட்டு, கழுத்து இறுகுவது தெரிந்தது. "சரி, தலையை நேராக வைக்கிறேன்" என்று முயன்றார். பேசத் தொடங்கிய கணமே பழைய இழுப்பு திரும்பி வந்தது. அதனால் அவர் முதலில் கற்றுக்கொண்டது நிறுத்துவதைத்தான். செய்ய நினைத்ததும் உடனே செய்யாமல் ஒரு கணம் நின்று, கழுத்தைத் தளரவிட்டு, பிறகு செய்வது. அலெக்சாண்டர் முறை என்று பெயர் பெற்ற பயிற்சிக்கு இதுதான் வேர்.

முதுகுவலிக்கு இது உதவுமா? இங்கிலாந்தில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 579 பேரை வைத்து ஆய்வு செய்து, 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நாலு வாரத்தில் 21 நாள் வலி. 24 பாடம் படித்தவர்களுக்கு அது 18 நாள் குறைவு; ஆறு பாடம் படித்தவர்களுக்கு 10 நாள் குறைவு. மசாஜ் 7 நாள் குறைத்தது, ஆனால் அன்றாட வேலை செய்யும் திறனில் அதன் பலன் ஓராண்டு வரை நிற்கவில்லை. எனக்குப் பிடித்த முடிவு வேறு: ஆறு பாடத்தோடு வேக நடைப் பயிற்சியும் சேர்ந்தபோது, 24 பாடத்தின் பலனில் 72 விழுக்காடு கிடைத்தது. எல்லாராலும் 24 பாடத்துக்குக் காசு கட்ட முடியாதே!

இது எல்லா வலியையும் தீர்க்கும் மந்திரம் இல்லை. கால் மரத்துப் போவது, பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு வலி, விழுந்த பிறகு வந்த வலி என்றால் பயிற்சியை விட்டுட்டு மருத்துவரிடம் போங்க. சிறுநீர் மலம் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே போகணும்.

வீட்டில் இரண்டு விஷயம் செய்யலாம். நாற்காலியிலிருந்து எழும்போது பலர் முகவாயைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் இழுத்துத்தான் எழுகிறார்கள். பிடரியில் ஒரு கையை வைத்து எழுந்து பாருங்க, தெரியும். அடுத்த தடவை எழ நினைத்ததும் நில்லுங்க. கழுத்து தளரட்டும். தொடை மடிப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, எடை பாதத்துக்கு வந்த பிறகு எழுங்க. மெதுவாக, ஐந்தாறு தடவை போதும்.

இரண்டாவது, தினமும் பத்து பதினைந்து நிமிடம் பாய் விரித்து மல்லாந்து படுப்பது. மெத்தை வேண்டாம். முழங்கால் மடங்கி கூரையைப் பார்க்கட்டும், பாதம் தரையில். தலைக்குக் கீழே இரண்டு மூன்று புத்தகம். தலை பின்னால் தொங்கினால் இன்னொன்று சேருங்க. முகவாய் தொண்டையை அழுத்தினால் ஒன்றை எடுங்க. கண்ணை மூட வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். முதுகைத் தரையில் அழுத்தவும் கூடாது, அது தானாக இறங்கும். எழும்போது சட்டென்று நேராக எழாமல், ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுங்க.