எண் ஒன்று, தோட்டா வேறு

தேர்தல் அறிவித்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வேலூர், ஆம்பூர் பக்கமும் வழக்கம். அலமாரியைத் திறந்தால், அப்பா காலத்து ரிவால்வர் தோட்டாவும் பிறகு வாங்கிய பிஸ்டல் தோட்டாவும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கக்கூடும். அதை அசட்டையாக விடவைக்கும் நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: பாயிண்ட் 32 என்றால் எல்லாம் ஒரே தோட்டாதான்.

உண்மை: இல்லை. நம் அரசு ஆலைகளின் .32 ரிவால்வருக்கு உரியது ‘எஸ் அண்ட் டபிள்யூ லாங்’; .32 பிஸ்டலுக்கு உரியது ‘ஏசிபி’. லாங் தோட்டாவின் பித்தளை உறை சுமார் 23 மி.மீ. நீளம், அடியில் தெளிவான விளிம்பு. ஏசிபி உறை 17 மி.மீ.தான், விளிம்பு லேசாகவே துருத்தும்.

நம்பிக்கை: உள்ளே சரியாக உட்கார்ந்தால் சுடலாம்.

உண்மை: ஏசிபி தோட்டா பல .32 ரிவால்வர்களில் உட்காரவே செய்யும். ஆபத்தே அங்கேதான். அமெரிக்கத் தொழில்தரப்படி லாங் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு; ஏசிபிக்கு 20,500. குறைந்த அழுத்தத்துக்குச் செய்த பழைய ரிவால்வர் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நம்பிக்கை: காலி உறையில் மறுபடி மருந்து போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மறுநிரப்புக்கு அனுமதி உள்ள நாடுகளிலும் முதல் வேலை உறைகளை வகை பிரிப்பதுதான். 9 எம்.எம். லூகர் உறை 19.15 மி.மீ.; .380 ஏசிபி உறை 17.3 மி.மீ. குவியலில் கண் ஏமாறிவிடும். குட்டை உறைக்குள் இடம் குறைவு. பெரிய உறைக்கான மருந்தை அதில் போட்டால் அழுத்தம் எகிறும். எனவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகையை மட்டும் வைத்து, ஒவ்வோர் உறையின் அடியிலும் உள்ள முத்திரையைப் படித்துப் பார்ப்பார்கள்.

நம்பிக்கை: தோல் பெல்ட்டில் செருகி வைத்தால் தோட்டா கலக்காது, கெடாது.

உண்மை: ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலில் அமிலத்தன்மை உண்டு. ஈரக்காற்று பட்டால் பித்தளையிலுள்ள செம்பு பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பேறிய தோட்டா சேம்பரில் சிக்கும். நாளடைவில் பெல்ட்டின் கண்ணி தளர்ந்துவிட்டால் எந்த வகைத் தோட்டாவும் அதில் நுழையும். பெல்ட் எடுத்துச் செல்வதற்குத்தான். சேமிக்க அசல் அட்டைப்பெட்டியே சரி, வகைக்கு ஒன்றாக.

முத்திரை தேய்ந்து வகை தெரியாத தோட்டாவைத் தயவுசெய்து சுட்டுப் பார்க்காதீர்கள். உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ஒரு தோட்டாவின் விலை பெரிதல்ல; அதைப் பிடித்திருக்கும் கைதான் பெரிது.